நகல் என்னும் பழி

கொனாமி நிறுவனத்தின் காசில்வேனியா விளையாட்டுத் தொடரை மதிப்பிடுவோரிடையே ஒரு முடிபு ஏறத்தாழ எதிர்ப்பின்றி நிலைபெற்றுவிட்டது. 1997ஆம் ஆண்டு பிளேஸ்டேஷன் கருவிக்காக வெளிவந்த 'சிம்பனி ஒஃப் த நைட்' அத்தொடரின் உச்சம் என்பதும், அதன்பின் 2001 முதல் 2008 வரை கையடக்கக் கருவிகளுக்காக வெளிவந்த ஆறு விளையாட்டுகளும் அவ்வுச்சத்தைச் சிறு திரைக்கு ஏற்பக் குறுக்கிய நகல்களே என்பதும், ஆகவே அவற்றை இன்று மீண்டும் கையில் எடுப்பவர் தம் பள்ளிப்பருவத்தைத் தேடிப் போகிறாரேயன்றி விளையாட்டைத் தேடிப் போகவில்லை என்பதும் அம்முடிபின் மூன்று கூறுகள். மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நிற்பதால் அம்முடிபு உறுதியானதுபோலத் தோன்றுகிறது. ஒன்றை உருவினால் மற்றவை எவ்வளவு நேரம் நிற்கும் என்பதே இங்குப் பார்க்கவேண்டியது.

ஆறும் எவை என்பதை முதலில் சொல்லிவிடுவது முறை. கேம்போய் அட்வான்ஸ் கருவிக்கு 'சேர்க்கிள் ஒஃப் த மூன்' (2001), 'ஹார்மனி ஒஃப் டிசொனன்ஸ்' (2002), 'ஏரியா ஒஃப் சொரோ' (2003) ஆகிய மூன்றும், அதற்குப் பின் வந்த இரட்டைத்திரைக் கருவியான நின்டெண்டோ டிஎஸ்சுக்கு 'டோன் ஒஃப் சொரோ' (2005), 'போர்ட்ரெய்ட் ஒஃப் ருயின்' (2006), 'ஓர்டர் ஒஃப் எக்லீசியா' (2008) ஆகிய மூன்றும் வெளிவந்தன. ஆறிலும் விளையாடுபவர் பக்கவாட்டுத் தோற்றத்தில் வரையப்பட்ட ஒரு பெருங்கோட்டைக்குள் அறை அறையாக நடந்து, பேயுருக்களை வீழ்த்தி, ஒரு திறனைப் பெற்றதும் முன்பு தாண்டமுடியாத இடத்துக்குத் திரும்பி வந்து தாண்டிச் செல்கிறார். கட்டளைப்படி முன்னோக்கி மட்டும் ஓடாமல், வந்த வழியே திரும்பித் திரும்பி ஓரிடத்தை முழுமையாக அறிந்துகொள்ளும் இவ்வகைக்கு, மெட்ரொய்ட் என்ற வேறொரு தொடரின் பெயரையும் இத்தொடரின் பெயரையும் ஒட்டி 'மெட்ரொய்ட்வேனியா' என்ற பெயர் வழங்குகிறது.

எதிர்த்தரப்பின் வழக்கு வலுவற்றதன்று. சிம்பனியில் உலவிய எலும்புக்கூடுகளும் கவச வீரர்களும் அதே வரைபடங்களாகவே பின்வந்த விளையாட்டுகளில் மீண்டும் தோன்றுகின்றன. நூலகம், மணிக்கூண்டு, தேவாலயம், நிலவறை என்ற வரிசை எங்கும் அதுவே. கோட்டையின் உச்சியிலோ ஆழத்திலோ டிராகுலாவோ அவன் சாயலோ காத்திருப்பதும் மாறுவதில்லை. 'ஹார்மனி' அக்கருவியின் ஒலித்திறனைப் பயன்படுத்தாமல் மெலிந்த இசையோடு வந்தது; 'டோன்' பாஸ் எனப்படும் பெரும்பகையை வென்ற ஒவ்வொரு தடவையும் தொடுதிரையில் முத்திரை ஒன்றை எழுத்தாணியால் விரைந்து வரையச் சொல்லி, வரைவது பிழைத்தால் பகைக்கு மீண்டும் உயிர் கொடுத்தது; 'போர்ட்ரெய்ட்' எட்டு ஓவிய உலகங்களைக் காட்டி, அவற்றுள் நான்கு மற்ற நான்கின் மறுவார்ப்பே என்பதை மறைக்கவும் முயலவில்லை. இவை அனைத்தும் உண்மை. இவ்வுண்மைகளிலிருந்து பெறப்படும் முடிபுதான் பிழை.

1. நகல் என்பது பழியா, பிறப்புச் சான்றிதழா?

கோதிக் என்ற மரபைப் பொறுத்தவரை இக்கேள்விக்கு இரண்டரை நூற்றாண்டுகளுக்கு முன்பே விடை கிடைத்துவிட்டது. கோதிக் என்பது முதலில் 12ஆம் நூற்றாண்டுப் பிரான்சில் எழுந்த, கூர்முனை வளைவுகளையும் வானளாவும் சாளரங்களையும் கொண்ட தேவாலயக் கட்டடமுறை. ஆனால் அச்சமூட்டும் கதைகளுக்கு அப்பெயர் வந்தது அந்த அசலிலிருந்து அன்று, அதன் போலியிலிருந்து. 18ஆம் நூற்றாண்டின் நடுவில் ஹொரஸ் வால்போல் என்ற ஆங்கிலப் பிரபு இலண்டனுக்கு அருகே தம் வீட்டை இடைக்காலக் கோட்டைபோல ஒப்பனை செய்துகொண்டார். அதே மனிதர் 1764இல் எழுதிய 'ஒட்ராண்டோ கோட்டை'யை ஒரு பழைய இத்தாலிய நூலின் மொழிபெயர்ப்பு என்று பொய்சொல்லி வெளியிட்டார். அந்தக் கோதிக் வீடும் முதல் கோதிக் நாவலும் நகல் என்ற வேடத்திலேயே பிறந்தன. 1897இல் 'டிராகுலா'வை எழுதிய பிராம் ஸ்டோக்கர் டிரான்சில்வேனியாவில் கால் வைத்தவரல்லர். அக்கோட்டையை அவர் படித்த நூல்களிலிருந்து கட்டினார். அந்த நூலிலிருந்து ஜப்பானியர் 1986இல் ஒரு விளையாட்டைக் கட்டினார்கள். இவ்வளவு நீண்ட நகல்வரிசையின் ஒரு கண்ணியாகிய சிம்பனியை மட்டும் பிடித்து நிறுத்தி, இதற்கு மேற்பட்டது அசல், கீழ்ப்பட்டது நகல் என்று கோடு கிழிப்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

மலையகத் தமிழ் வாசகருக்கு இதை விளக்க ஐரோப்பாவரை போகவும் வேண்டியதில்லை. அப்புத்தளை நகரிலிருந்து மேற்கே சிறிது தொலைவு போனால் போதும். தேயிலைச் சரிவுகளுக்கும் தங்கமலைக் காட்டுக்கும் இடையே அடிஷம் மாளிகை நிற்கிறது. தோட்டங்களை முகவராக நின்று நடத்திய ஜோர்ஜ் ஸ்டூவர்ட் கம்பனியின் தலைவராயிருந்த சேர் தோமஸ் வில்லியர்ஸ், இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் தாம் பிறந்த கிராமத்தின் பெயரை அதற்கு இட்டு, 1931இல் அதைக் கட்டிமுடித்தார். கட்டடக்கலை அறிந்தவர் அதைக் கோதிக் என்று சொல்லமாட்டார். அது டியூடர் காலத்து நாட்டுப்புற மாளிகைகளைப் பின்பற்றியது. ஆயினும் மலைமுகடு, கல்மதில், உயர்ந்த புகைபோக்கிகள், பிற்பகலில் ஏறிவந்து கட்டடத்தையே விழுங்கிவிடும் பனிமூட்டம் என்று, காசில்வேனியாவின் முதல் திரை கேட்கும் பொருள்கள் அனைத்தும் அங்கே ஒழுங்காக அடுக்கிவைக்கப்பட்டுள்ளன. அது நானூறு ஆண்டு பழைய பாணியின் இருபதாம் நூற்றாண்டு நகல். பிரித்தானியப் பிரதமர் ஜோன் ரசலின் பேரன் ஒருவர் தம் பிள்ளைப்பருவ நாட்டை ஊவா மலையில் மீண்டும் செய்துபார்த்த முயற்சி. ஆனால் அதன் சரிவுகளுக்குக் கீழே லயன் அறைகளில் வாழ்ந்தவர் எவரும் அதை நகல் என்று கருதியிருக்க முடியாது. கென்ட்டில் நின்றால் பத்தோடு பதினொன்றாகிவிடும் அந்த வீடு, துரைமாரின் ஆட்சி நடந்த ஒரு மலையில் நின்றதால் வேறு பொருளைப் பெற்றது. நகலெடுத்த பொருள் எங்கே வைக்கப்படுகிறது, யார் கண்ணில் படுகிறது என்பதே அதன் பொருளைத் தீர்மானிக்கிறது. கையடக்க விளையாட்டுகளில் மீண்டும் வரும் எலும்புக்கூடுகளையும் அவ்வாறே பார்க்கவேண்டும்: உருவம் பழையது, அது நிறுத்தப்பட்டுள்ள அறை புதியது.

இன்னொன்றையும் எதிர்த்தரப்பு எளிதாக மறந்துவிடுகிறது. ஆறும் ஒரே கையிலிருந்து பிறந்தவையல்ல. முதலாவதான 'சேர்க்கிள்' கொனாமியின் கோபே நகரக் குழு செய்தது. சிம்பனியில் பங்குகொண்டு, 'ஹார்மனி' முதல் மற்ற ஐந்தையும் முன்னின்று நடத்திய கோஜி இகராஷி அதைத் தொடரின் கதைக்காலவரிசையிலிருந்தே விலக்கிவைத்தார். தன்னை நகலெடுத்ததாகச் சொல்லப்படும் பிள்ளையைத் தந்தையே குடும்ப அட்டையில் சேர்க்க மறுத்திருக்கிறார் என்றால், அந்தப் பிள்ளை அவ்வளவு ஒத்த சாயலுடையதன்று என்றே கொள்ளவேண்டும்.

2. சிறிய திரை குறையா?

ஓரிடத்தில் குறைதான். கேம்போய் அட்வான்ஸின் திரை 240க்கு 160 புள்ளிகள் கொண்டது, முதலில் வந்த கருவியில் அத்திரைக்குத் தன்னொளியும் கிடையாது. 'சேர்க்கிள்' கரிய சுவர்களையும் மங்கிய உருவங்களையும் அத்திரையில் வைத்ததால், இரவைப் பற்றிய அந்த விளையாட்டைப் பகல்வெளிச்சத்தில் யன்னலோரம் உட்கார்ந்தே விளையாட நேர்ந்தது. வருடத்தில் பல மாதம் நண்பகலிலேயே விளக்கேற்றும் அப்புத்தளை போன்ற ஊருக்கு அது பொருத்தமான கருவியன்று. அடுத்து வந்த 'ஹார்மனி' அக்குறையை நீக்கப்போய், நாயகனைச் சுற்றி நீலக்கோடு இழுத்து, அறைகளுக்கு மிட்டாய் நிறம் பூசியது. கோட்டைக்குள் காலியாகக் கிடக்கும் ஓர் அறைக்கு நாற்காலி, மேசை முதலிய தட்டுமுட்டுகளைத் தேடிக் கொண்டுவந்து நாயகன் அலங்கரிப்பதும் அதே விளையாட்டில்தான். அந்த நிறங்களுக்கு நடுவே அது அவ்வளவு விசித்திரமாகவும் தோன்றுவதில்லை. மூன்றாவதான 'ஏரியா' இருளும் தெளிவும் ஒத்துப்போகும் நிறக்கலவையைக் கண்டுபிடித்தது. மூன்றே ஆண்டுகளில் நடந்த இத்திருத்தம் நகலெடுப்பவரின் வேலையன்று. நகலெடுப்பவருக்கு மூலத்தைப் பார்த்தால் போதும், இவர்களோ கருவியைப் பார்த்தார்கள்.

ஆனால் திரையைப் பற்றிய முதன்மையான மறுப்பு டிஎஸ் கருவியிலேயே இருக்கிறது. மெட்ரொய்ட்வேனியா என்ற வகையின் உயிர் சண்டையில் இல்லை, வரைபடத்தில் இருக்கிறது. எந்த அறை எட்டப்படவில்லை, எந்தச் சுவருக்கு அப்பால் வெற்றிடம் இருக்கிறது, எந்தப் பள்ளத்தைத் தாண்ட இரட்டைப் பாய்ச்சல் வேண்டும் என்று இடைவிடாமல் கணக்குப் போடுவதே அவ்வகையின் இன்பம். கொழுந்து மலைகளை இலக்கம் இலக்கமாக மனத்தில் வைத்திருக்கும் கணக்கப்பிள்ளையின் அறிவுக்கு அது நெருங்கிய உறவு. சிம்பனியில் அக்கணக்கைச் சரிபார்க்க ஆட்டத்தை நிறுத்தி வரைபடத்தைத் தனியே திறந்தாகவேண்டும். கேம்போய் அட்வான்ஸ் விளையாட்டுகளிலும் அதே நிலைதான். டிஎஸ் விளையாட்டுகள் மூன்றிலும் கீழ்த்திரையில் நாயகன் நடக்க, மேல்திரையில் வரைபடம் விரிந்தபடியே கிடக்கிறது. ஒவ்வோர் அடிக்கும் அது நிரம்பிவருவதைக் கண் ஒரே நேரத்தில் பார்க்கிறது. நடப்பதும் நடந்த வழியை அறிவதும் ஒரே செயலாகிவிடுகின்றன. தொலைக்காட்சித் திரை எவ்வளவு அகன்றதாயிருந்தும் 1997இல் வழங்காத ஒன்றை உள்ளங்கையளவு கருவி 2005இல் வழங்கியது. இவ்வகையின் இலட்சணத்தை முழுமையாக்கியது எது என்று கேட்டால், பெரிய திரையைச் சுட்டுவது கடினம்.

3. ஒரே கதையைத் திருப்பிச் சொல்வது குற்றமா?

தமிழில் படித்து வளர்ந்த ஒருவர் இக்குற்றச்சாட்டைச் சொல்வதைக் கேட்கும்போது வியப்பு உண்டாகிறது. 'அம்புலிமாமா' இதழில் விக்கிரமாதித்தன் முருங்கை மரத்திலிருந்து பிணத்தை இறக்கித் தோளில் போட்டுக்கொண்டு நடப்பதும், வேதாளம் கதை சொல்லிக் கேள்வி கேட்பதும், மன்னன் வாய்திறந்ததும் அது மீண்டும் மரமேறுவதும் மாதந்தோறும் மாறாமல் நடந்தன; சென்ற மாதமும் இதையேதானே செய்தான் என்று எந்தச் சிறுவனும் இதழைத் திருப்பிக் கொடுத்ததில்லை. மலையகத் தோட்டங்களில் மாசி மாதத்தில் ஆடப்படும் காமன்கூத்து இன்னும் தெளிவான சான்று. கம்பம் ஊன்றிய நாளிலிருந்தே மதன் எரியப்போகிறான் என்பது தோட்டம் முழுவதற்கும் தெரியும். ரதி அழப்போவதும், எரிந்தவன் எழப்போவதும் தெரியும். தெரிந்திருந்தும் ஆண்டுதோறும் விழித்திருந்து பார்ப்பது முடிவை அறிய அன்று. இவ்வாண்டு ரதி வேடம் கட்டியவர் யார், எப்படி அழுதார், எரியும் வேளையில் யார் உணர்ச்சிவசப்பட்டு விழுந்தார் என்பதை அறியவே. மாறாத சட்டகம் ஒன்று இருந்தால்தான் மாறுவது கண்ணுக்குப் புலப்படும். டிராகுலா செத்துப் பிழைப்பதும் அத்தகைய சட்டகமே.

அச்சட்டகத்துக்குள் இந்த ஆறும் மாற்றிக் காட்டியது என்ன என்பதை எதிர்த்தரப்பு கேட்டதே இல்லை. கேட்டிருந்தால் ஆறுக்கும் பொதுவான, சிம்பனியில் முளைவிடாத ஒரு சிக்கல் தென்பட்டிருக்கும்: வாரிசுரிமை. சிம்பனியின் நாயகன் அலுகார்ட் டிராகுலாவின் மகன். மகன் தந்தையை எதிர்க்கிறான், இரத்தம் இரத்தத்தை வெல்கிறது, உறவில் எந்த ஐயமும் இல்லை. கையடக்க விளையாட்டுகளிலோ உரிய வாரிசு யார் என்பதே தீராத வழக்காக ஓடுகிறது. 'சேர்க்கிள்' கதையில் வேட்டைக்காரக் குருவின் சாட்டை மகன் ஹியூவுக்குப் போகாமல் சீடன் நேதனுக்குப் போகிறது. கதையின் கசப்பு முழுவதும் அந்த ஒரு கைமாற்றத்திலிருந்து ஊறுகிறது. 'ஹார்மனி'யில், டிராகுலாவைத் தலைமுறைதோறும் வேட்டையாடும் பெல்மண்ட் குலத்துப் பிள்ளையின் சுமையைத் தான் ஏற்றுக்கொள்ளப்போய் அவன் நண்பன் மக்சிம் தன்னையே இழக்கிறான். 'போர்ட்ரெய்ட்' 1944இல், உலகப்போரில் மாண்டோரின் ஆன்மாக்களால் எழுந்த கோட்டையில் நிகழ்கிறது. அங்கே ஜொனதன் மொறிஸ் வைத்திருக்கும் புகழ்பெற்ற சாட்டை பெல்மண்ட் இரத்தம் அல்லாத கை அதைச் சுழற்றினால் அந்தக் கையின் உயிரையே தின்கிறது. தந்தை அதனால் செத்தார். செத்ததன் காரணத்தை மகனிடம் சொல்லவும் இல்லை. தொடரின் பெருமைமிக்க சின்னமாகிய ஆயுதத்தையே, பிறருக்குச் சொந்தமான ஒன்றைக் காலமெல்லாம் சுமந்து தேய்வதன் அடையாளமாக மாற்றிய துணிவு எந்த மூலத்தின் நகல்?

இவ்வழக்கு உச்சம் பெறுவது 'ஏரியா'வில். அதன் கதை 2035இல் நடக்கிறது. டிராகுலா 1999இல் அடியோடு அழிக்கப்பட்டுவிட்டான், கோட்டையோ ஒரு சூரிய கிரகணத்துக்குள் அடைபட்டுக் கிடக்கிறது. அதற்குள் இழுக்கப்படும் சோமா குரூஸ் வீரனுமல்லன், வேட்டைக்காரனுமல்லன். ஜப்பானில் படிக்கவந்த மாணவன். வீழ்த்தும் பேய்களின் ஆன்மாக்கள் அவனுள் புகுந்து அவற்றின் திறன்கள் அவனுடையவையாகின்றன. விளையாடுபவர் மணிக்கணக்கில் அவ்வான்மாக்களைச் சேகரித்து, எதை அணிவது எதைக் கழற்றுவது என்று கணக்கிட்டு மகிழ்ந்துகொண்டிருக்கும்போதே, அச்சேகரிப்பு எதற்கான சான்று என்பது மெல்லப் புலனாகிறது. கோட்டையில் கிடைக்கும் பழைய ஏடுகளின் குறிப்புப்படி நெருப்பை எறியும் ஆன்மா, வௌவாலாக மாற்றும் ஆன்மா, இரத்தம் குடிக்கும் ஆன்மா ஆகிய மூன்றையும் ஒருசேர அணிந்து, தானே டிராகுலாவின் வாரிசு என்று பிதற்றும் கிரகாமை வென்றால்தான் கதையின் மெய்யான பகுதி திறக்கும். அம்மூன்றும் டிராகுலாவின் திறன்கள். விளையாடுபவர் தம் கையாலேயே அவற்றைப் பொருத்தி, தம் நாயகன் யார் என்பதைத் தாமே நிரூபித்துவிடுகிறார். கதையின் வெளிப்பாட்டைக் காட்சியால் சொல்லாமல், விளையாடும் முறையாலேயே சொல்லவைத்த இந்த உத்திக்குச் சிம்பனியில் ஈடு இல்லை.

அதன் தொடர்ச்சியான 'டோன்' அவ்வழக்கை இன்னும் கொடிய இடத்துக்கு இழுக்கிறது. ஒரு முடிவில் சோமா ஆத்திரத்தில் தோற்று டிராகுலாவாகிறான். அம்முடிவைக் கண்டவருக்கு வேறொரு ஆட்டமுறை திறக்கிறது. அதில் விளையாடுபவர் ஜூலியஸ் பெல்மண்டாகவும் அவன் தோழர்களாகவும் அதே கோட்டைக்குள் நுழைந்து, பல இரவுகள் தாம் வளர்த்துக் காப்பாற்றிய சோமாவைக் கொல்லப் போகவேண்டும். முத்திரை வரையும் தொல்லையை நினைத்து இவ்விளையாட்டை இழிப்பவர்கள் பெரும்பாலும் இவ்விடத்தை எட்டாதவர்கள்.

'எக்லீசியா'வுக்கு வரும்போது வாரிசுரிமை பற்றிய கேள்வி தலைகீழாகிறது. பெல்மண்ட் குலம் மறைந்துபோன 19ஆம் நூற்றாண்டில், டிராகுலாவை அழிக்கவென்று ஒரு சபை ஷனோவா என்ற பெண்ணை வளர்த்து, டோமினஸ் என்ற மந்திர எழுத்தை அவள் உடலில் ஏற்கச் சொல்கிறது. அதைப் பயன்படுத்தினால் அவள் சாவாள் என்பதும், அவ்வெழுத்து டிராகுலாவின் ஆற்றலே என்பதும், சபைத் தலைவன் விரும்புவது அவன் அழிவையன்று, மீள்வருகையை என்பதும் பின்னரே தெரிகின்றன. இங்கே கவனிக்கவேண்டியது கதைத்திருப்பமன்று. கோட்டைக்கு வெளியே இருக்கும் ஊர். வைகோல் என்ற அச்சிற்றூரின் மக்கள் பல இடங்களில் சிறைப்பட்டிருக்கிறார்கள். அவர்களைத் தேடி மீட்காமல் நேரே போகிறவருக்கு டிராகுலாவின் கோட்டை திறக்காமலேயே கதை மோசமாக முடிந்துவிடும். அனைவரையும் மீட்டவருக்கே கோட்டை வாயில் தென்படும். மீண்டுவந்தவர்கள் சாதாரண ஆட்கள். அவர்கள் கேட்பவையும் அன்றாடத் தேவைகள். ஆனால் பெல்மண்ட் இரத்தம் யாரிடம் போயிற்று என்ற கேள்விக்கு விடை அவர்கள்தாம். இருபதாண்டுக்கு மேலாகப் பெரும்பாலும் கோட்டையையே பார்த்துப் பழகிய ஒரு தொடர், அங்கே அதன் அடிவாரத்து ஊரைத் திரும்பிப் பார்த்தது.

அடிஷத்தைச் சுற்றிப் பார்க்கப் போகும் பயணிகள் பெரும்பாலோர் எதிர்த்திசையிலேயே பார்க்கிறார்கள் என்பதை இங்கே குறிக்காமல் விடமுடியாது. மாளிகை வில்லியர்சுக்குப் பின் கைமாறி, 1960களின் தொடக்கத்தில் புனித பெனடிக்ட் துறவிகளிடம் வந்தது. அவர்கள் இன்று அங்கே பழப்பாகு காய்ச்சி விற்கிறார்கள், கோதிக் கதை எதுவும் எண்ணிப்பார்க்காத நல்ல முடிவு அது. தோட்டங்களும் கைமாறின: 1975இல் கம்பனிகளிடமிருந்து அரசுக்கும், 1992இல் அரசிடமிருந்து நிருவாகத்துக்காகப் பிராந்தியக் கம்பனிகளுக்கும். ஒவ்வொரு கைமாற்றமும் ஏடுகளில் பதிவாயிற்று. கீழேயுள்ள லயன் அறைகளிலோ பரம்பரையாக இறங்கிவந்தது வேலையோடு கட்டுண்ட குடியிருப்பே, உறுதிப்பத்திரம் அன்று. கோட்டை யாருக்கு என்ற கேள்வியைக் கேட்டு அலுத்துப்போய், ஊர் யாருடையது என்று திரும்பிக் கேட்ட ஒரு விளையாட்டை நகல் என்று ஒதுக்குவது, குறைந்தபட்சம் இந்த மலைகளிலிருந்து பார்ப்பவருக்கு, இயலாத காரியம்.

4. எளிமை என்ற குற்றச்சாட்டு

இதற்கு நீண்ட விடை தேவையில்லை. பேய்களை வீழ்த்த வீழ்த்த நாயகனின் பலம் கூடும் முறை இருப்பதால், திறமையற்றவரும் பொறுமையால் வென்றுவிடலாம் என்பது வாதம். அம்முறை சிம்பனியிலிருந்தே வந்தது, சிம்பனிதான் அவ்வகையில் எளிதானதும்கூட. 'சேர்க்கிள்', 'எக்லீசியா' இரண்டையும் பொறுமையை மட்டும் நம்பித் தாண்டியவர் அரியர். மூலத்தின் குறையை நகலின் மேல் ஏற்றிவிட்டு, மூலத்தை மட்டும் மன்னிப்பது வாதமாகாது.

5. திரும்பி வருபவர் ஏக்கத்தால் வருகிறார் என்பது உண்மையா?

சிலர் வரலாம். ஆனால் ஏக்கத்தால் திரும்புபவர் முன்பு பார்த்ததையே மீண்டும் பார்க்க விரும்புவார். இவ்விளையாட்டுகளோ அவ்விருப்பத்துக்கு இடங்கொடுப்பதில்லை. 2003இல் 'ஏரியா'வை விளையாடிய பதின்வயதினருக்கு 2035 எட்டாத எதிர்காலம்; 'டோன்' உள்ளிட்ட டிஎஸ் விளையாட்டுகள் மூன்றையும் ஒன்றுசேர்த்த 'டொமினஸ் கலெக்‌ஷன்' 2024இல் வெளிவந்தபோது, 'டோன்' கதை நடக்கும் 2036க்குப் பன்னிரண்டே ஆண்டுகள் இருந்தன. சோமாவின் வயதில் விளையாடியவர் இன்று அவனைக் கண்காணிக்கும் பெரியவர்களின் வயதில் இருக்கிறார். தன்னுள் இறங்கிவந்திருப்பது எது, அதில் தான் தேர்ந்தது எது என்ற அவன் தவிப்பு அப்போது கதையலங்காரமாகவும் இப்போது வேறாகவும் படுகிறது. மாறியது படிப்பவரே என்று எதிர்த்தரப்பு சொல்லும். மாறிய வாசகருக்கு ஈடுகொடுக்கும் பொருள் நூலில் இல்லாவிட்டால் அம்மாற்றம் எதையும் காட்டாது. பழைய பிரிக் கேம் கருவியை இன்று எடுத்து விழும் கட்டைகளை அடுக்குபவருக்கு அதில் தன் வயது தெரிவதில்லை.

அத்துடன், ஏக்கத்தைத் தூண்டி விற்பவர் யார் என்பதையும் பார்க்கவேண்டும். 2021இல் கேம்போய் அட்வான்ஸ் விளையாட்டுகளுக்கும் 2024இல் டிஎஸ் விளையாட்டுகளுக்கும் வந்த தொகுப்புகள் அவற்றைப் பெரிய திரைக்குக் கொண்டுவந்தன. கூடவே, தவறினால் சில நொடி பின்னோக்கி ஓட்டிச் சரிசெய்யும் வசதியையும் சேர்த்தன. சேமிக்கும் அறையைத் தேடி உயிர் ஒரு கோடளவு மிஞ்சிய நிலையில் இருண்ட வழியில் நடக்கும் பதற்றம் அவ்வசதியால் கரைந்துவிடுகிறது. ஏக்கத்துக்கு அதுவே போதும், ஆட்டத்துக்குப் போதாது. டிஎஸ் கருவியில் மூடியைச் சாத்தினால் ஆட்டம் அப்படியே உறங்கும், திறந்தால் அதே ஆபத்து அதே இடத்தில் காத்திருக்கும்; அந்த ஒழுங்கு இவ்விளையாட்டுகளின் பகுதியே. இவற்றை ஏக்கப்பொருளாக்கியது பெரிய திரை, சிறிய திரையன்று.

எதிர்த்தரப்பின் அடித்தளமாகிய சிம்பனிக்கும் இதற்கிடையே ஒன்று நடந்துவிட்டது. 2007இல் அது பிஎஸ்பி என்ற கையடக்கக் கருவிக்குள் வேறொரு விளையாட்டின் உள்ளே ஒளித்துவைக்கப்பட்டு வெளிவந்தது; 2020இல் கைபேசிக்கு வந்தது. பதுளை பஸ்ஸில் யன்னலோரம் இருந்து இன்று ஒருவர் அந்த உச்சத்தை, கண்ணாடியில் வரைந்த பொத்தான்களைப் பெருவிரலால் தேய்த்து விளையாடலாம். அவர் கையிலிருப்பது கையடக்க விளையாட்டு. டிஎஸ்ஸை விடத் தெளிந்த திரையில் ஓடுவது. வழி தவறி வரைபடத்தைப் பார்க்கவேண்டுமானால் மட்டும், நடையை நிறுத்தியாகவேண்டும்.